வெட்டாத வீடியோ

“ஏட்டி ரிஸானா, அதே வீடியோவ இன்னும் எத்தன தடவதான் பாப்ப?”

அண்ணன் ஃபாரூக் கேட்டதற்கு ரிஸானா தலை நிமிரவில்லை. சங்கரன்கோவில் கடைவீதியில் அவர்களுடைய வாப்பாவின் ஜவுளிக்கடை. மதிய வெயிலில் ஆள் வரத்து குறைவு.

ரிஸானாவின் செல்போனில் ஓர் இளைஞன் உள்ளங்கை அளவு பிரிண்டரைத் துணிமேல் உருட்டிக்கொண்டிருந்தான். உருட்டிய இடத்தில் எழுத்து பதிந்தது. பெயர் முகம்மது அப்சல், கோயம்புத்தூர்க்காரன். விரும்புகிறவர்களிடம் இணையத்தில் முன்பணம் திரட்டி, அதை வைத்துப் பிரிண்டரைத் தயாரித்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தான்.

“இங்கன பாருண்ணே. கை பாதி தூரம் போவுது. சட்டுனு படத்த வெட்டிருக்கு. அடுத்தாப்புல முழு எழுத்தும் இருக்கு. நடுவுல என்ன நடந்துச்சு?”

“எல்லாவனும் வெட்டித்தான் போடுதான். அத்தன பேரு பணம் கட்டிருக்காங்க, எல்லாரும் முட்டாளா?”

“அவங்க போனா போவுதுன்னு விட்டுருவாங்க. நம்ம அப்படியா? ஒரு தடவ சரின்னு சொல்லிட்டா பொறவு பின்வாங்க முடியுமா?”

“வாப்பா இன்னைக்குப் பதில் கேக்காங்க.”

“பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.”

சந்தேகம் இருப்பவர்கள் கூப்பிடலாம் என்று அப்சல் எண் கொடுத்திருந்தான். ரிஸானா வீடியோ காலில் கூப்பிட்டாள். தன் பக்கத்துக் கேமராவை மட்டும் அணைத்துக்கொண்டாள்.

“நான் சொல்லுத வார்த்தைய இப்பவே அடிச்சுக் காட்டுங்க. நடுவுல நிறுத்தக் கூடாது. ஒரு ஊருப் பேரு, இளையரசனேந்தல்.”

அப்சல் அந்த வார்த்தையைப் பிரிண்டரில் ஏற்றினான். பிறகு துணியை விரித்து உருட்டினான். ‘இளையரச’ வரை அழகாக வந்தது. அதற்கப்புறம் எழுத்து கோணிக்கொண்டு போய், மை அப்பிவிட்டது.

ஃபாரூக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“வார்த்தை நீளமா இருந்தா உருளை வழுக்குதுங்க,” என்றான் அப்சல். “இன்னும் சரியாகலைங்க.”

“வீடியோவுல இது இல்லையே?”

அப்சல் பிரிண்டரைக் கீழே வைத்தான். முகம் சுண்டிப்போயிருந்தது.

“நல்லா வந்ததை மட்டும் ஒட்டிப் போட்டேனுங்க. அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. இதையே மறுபடி அடிச்சு, வெட்டாமப் படம் புடிச்சு இன்னைக்கே போட்டுடறேன். யாரு பணத்தைத் திருப்பிக் கேட்டாலும் கொடுத்துடறேனுங்க.”

போனை வைத்ததும் ஃபாரூக் எழுந்தான். “தெரிஞ்சு போச்சுல்லா? வேண்டாம்னு சொல்லிருதேன்.”

“இரு. சொன்னதச் செய்யுதாரான்னு பாப்போம்.”

கைலி கேட்டு வந்தவருக்கு எடுத்துக் காட்டினாள். தலையணை உறைக்குத் துணி கிழித்துக் கொடுத்தாள். ஆள் நகரும்போதெல்லாம் போனைப் பார்த்தாள்.

பிற்பகல் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லி முடிந்த கொஞ்ச நேரத்தில் அது வந்தது. மை அப்பிய எழுத்தோடு, எங்கும் வெட்டாத வீடியோ. அதன் கீழே வசவு மழை. ஏமாற்றுக்காரன், திருடன் என்று வாயில் வந்ததையெல்லாம் எழுதியிருந்தார்கள். அப்சல் ஒன்றையும் அழிக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். பணம் வந்து சேர்ந்ததாக ஒருத்தர் பின் ஒருத்தராக எழுதவும் தொடங்கினார்கள்.

ரிஸானா எல்லாவற்றையும் கடைசிவரை படித்தாள்.

“மெஷினு தேறலயே. வாப்பாட்ட என்னன்னு சொல்ல?” என்றான் ஃபாரூக்.

“மெஷினு எப்பத் தேறுமோ தெரியாது,” என்றாள் ரிஸானா, முக்காட்டை இழுத்துவிட்டபடி. “மாப்பிள்ள தேறிட்டாரு. அவங்க வீட்டுல பொண்ணு பாக்க வரச் சொல்லலாம்னு சொல்லு.”