ஏழு புள்ளி பூஜ்ஜியம்

கடைக்காரர் நீட்டிய காகிதப் பட்டைகளை அவள் கையில் வாங்கக்கூட இல்லை.

பட்டையைத் தண்ணீரில் நனைத்தால், அதில் எவ்வளவு அமிலம் இருக்கிறதோ அதற்கேற்ப நிறம் மாறும். அதைப் பச்சை என்பார் ஒருவர், மஞ்சள் என்பார் இன்னொருவர். அவளுடைய மாமியார், நிறமே மாறவில்லை என்று சாதிப்பார். அவளுக்கு எண் வேண்டும். யாரும் மறுத்துப் பேச முடியாத எண்.

“டிஜிட்டல் பிஎச் மீட்டர்தான் வேணும் அண்ணே. இருக்கறதிலேயே துல்லியமானது.”

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். மீன்தொட்டிக்குள் விட்டிருந்த கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு மேல்தட்டுக்கு ஏணி போட்டார்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தாள். வீட்டுத் தொட்டித் தண்ணீர். அதில்தான் இன்று காலை ஐந்தாவது தங்கமீனும் மல்லாந்து மிதந்தது.

மாமியார் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். “அவ கைராசி அப்படி, பாவம், அவ என்ன பண்ணுவா” என்று அடுப்படியிலிருந்து ரொம்பப் பரிவாகச் சொன்னார். அந்தப் பரிவுதான் பற்றிக்கொண்டு வந்தது.

வைத்த செடி கருகியது. வயிற்றில் தங்கிய இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இப்போது மீன். எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வீட்டில் ஒரே பெயர், அவள் கை.

நாளைக் காலை ஓரகத்தி பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பெண் குழந்தையோடு வீட்டுக்கு வருகிறாள். கொஞ்ச நாளைக்கு நீ தூக்க வேண்டாம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று மாமியார் நேற்றே சொல்லிவிட்டார். சொல்லும்போது கணவன் பக்கத்தில்தான் இருந்தான். செல்போனில் தலைபோகிற விஷயம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இதே கைக்குத்தான் ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள். அந்த அக்கா குத்தினால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காதாம். பிறந்து இரண்டு நாளான பிள்ளைகளின் குதிகாலில் ரத்தம் எடுப்பதும் அவள்தான். காலையில் போனதும் ஒவ்வொரு மிஷினையும் சோதித்துச் சரிசெய்த பிறகே முதல் ஆளைக் கூப்பிடுவாள். பதினோரு வருடத்தில் அவள் கையெழுத்தோடு ஒரு தப்பான எண் வெளியே போனதில்லை.

“இது தன்னைத் தானே சரிபண்ணிக்கும்மா. பொய் சொல்லத் தெரியாத சாமான்” என்றபடி கடைக்காரர் மீட்டரை அவள் தண்ணீரில் முக்கினார்.

எண் தடுமாறியது. 6.8. 6.9.

7.0. நின்றுவிட்டது.

“தங்கமான தண்ணி! இதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.”

அவள் இன்னொரு தடவை முக்கச் சொன்னாள்; அதே ஏழுதான்.

மீன் சாவதற்கு இருபது காரணம் இருக்கிறது என்று அவர் விரல்விட்டு அடுக்க ஆரம்பித்தார். தீனி கூடிப்போனால் சாகும், காற்று குறைந்தால் சாகும், வாங்கும்போதே நோய் இருந்திருக்கலாம். அவளுக்கும் அது தெரியும். ஆனால் அவள் வீட்டில் காரணம் ஒன்றுதான். இந்த ஏழு என்ற எண்ணைக் கொண்டுபோய் நீட்டினால் அது உறுதியாகிவிடும். தண்ணீர் நல்ல தண்ணீர், அப்படியானால் கைதான்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வந்ததோ கோபம். முதலில் தன் மேலேயே வந்தது. பழி சொன்னவர்கள் எந்த மீட்டரை வைத்து அளந்து சொன்னார்கள்? வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான். இவள் மட்டும் அரைநாள் லீவு போட்டுவிட்டு, வேகாத வெயிலில், துல்லியத்தைத் தேடி வந்து நிற்கிறாள்.

மாமியார் தினமும் தன் சர்க்கரையை அளக்கும் மிஷின் ரிப்பேர் என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மாமியார் கேட்டால்தானே. அவருக்கு மிஷினில் எண் தெரிந்தால் அது வேதவாக்கு.

மீட்டரின் முனையைக் கழுவி, துடைத்து, பத்திரமாகப் பெட்டியில் வைத்து மூடினாள்.

“அண்ணே, பின்னாடி திருகு வச்ச பழைய மாடல் இருக்கா?”

அவர் முகம் சுளித்தார். கீழ்த்தட்டின் மூலையிலிருந்து தூசியைத் தட்டி ஒன்றை எடுத்தார். “இது வேணாம்மா. விலை கம்மிதான். ஆனா அந்தத் திருகைக் கொஞ்சம் அசைச்சாப் போதும், ஏழு இருக்கற நல்ல தண்ணியக்கூட அஞ்சுன்னு அமிலமாக் காட்டும்.”

“தெரியும். அதையே குடுங்க.”

அதோடு தீக்குச்சி நீளத்தில் ஒரு திருப்புளியும் இருந்தது. மீட்டரை அதே தண்ணீரில் முக்கி, திருகை இடப்பக்கமாகத் திருப்பினாள். 6.4. 5.9. 5.5. குழந்தையின் குதிகாலைப் பிடிக்கும்போது எப்படியோ அப்படித்தான் இப்போதும், கை கொஞ்சமும் நடுங்கவில்லை. 5.2-இல் நிறுத்தினாள். அதற்கும் கீழே போனால், இதெல்லாம் கொஞ்சம் தெரிந்த கொழுந்தனுக்குச் சந்தேகம் வரும்.

நல்ல தண்ணீரைப் போய் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று புரியாமல் கடைக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, தண்ணியச் சோதிச்சுப் பாத்துட்டேன். அஞ்சு புள்ளி ரெண்டு. எந்த மீனும் தாங்காதாம், உங்கம்மாகிட்ட சொல்லிடுங்க.” அந்தப் பக்கம் அவன் என்னமோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை. “இன்னொண்ணும் சொல்லிடுங்க. நாளைக்கு வண்டியில பாப்பா என் மடியிலதான் வரும்.”