சம்மதிக்காத நோயாளி

"கொழும்புக்குப் போகவே மாட்டன். இப்ப என்ன செய்வீங்க, டொக்டர் அம்மா?"

கதிரையில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார் வைத்திய நிபுணர் மர்ஸூக். சுற்றி நின்ற மருத்துவ மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஸஃப்னாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

புத்தளத்துக் கரையோர வைத்தியசாலை ஒன்றில் அவர் பாடம் நடத்தும் முறையே அதுதான். பெயரும் ஊரும் மறைக்கப்பட்ட உண்மையான நோயாளி ஒருவரின் பதிவைக் கணினித் திரையில் காட்டுவார். மாணவர் படித்துச் சிகிச்சையைச் சொல்ல வேண்டும். உடனே அவரே அந்த நோயாளியாக மாறி மல்லுக்கட்டத் தொடங்கிவிடுவார். சென்ற வாரம் உடப்பு ஊர் மீனவர் ஒருவராகி, "மீன் படுற நேரத்துல என்னைக் கட்டில்ல படுக்கச் சொல்றீங்களோ?" என்று விதுஷனைத் திணறடித்திருந்தார்.

நோயாளி சம்மதித்தால்தான் தேர்ச்சி. ஸஃப்னா முன்பே தோற்றவள். இன்றும் தோற்றால் தோழர்களைப் பிரிந்து, பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

திரையில் இருந்தவர் நடுவயது கடந்த ஆண். நெஞ்சுவலிக்காரர். இதயக் குழாய்ப் பரிசோதனைக்குக் கொழும்பில் திகதி குறிக்கும்போதெல்லாம் தள்ளிப்போட்டிருந்தார்.

"குழாயில அடைப்பு இரிக்கும். தள்ளிப்போட்டா உசிருக்கே ஆபத்து" என்றாள் ஸஃப்னா.

"உசிரு அல்லாஹ் தந்தது. எடுக்கிற நேரம் அவனுக்குத் தெரியும்."

"அவன் தந்த அமானிதத்தை நாங்க பாத்துக்கொள்ளணும்தானே?"

"பள்ளிவாசல் ஹஸ்ரத் மாதிரி பயான் பண்றீங்க, மகள். டொக்டரா கதையுங்க!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "விடுங்க ஸஃப்னா, சேர் இண்டைக்கு மசியமாட்டார்" என்று விதுஷன் காதில் கிசுகிசுத்தான்.

ஸஃப்னா பதிவை மீண்டும் முதலிலிருந்து படித்தாள். பரிசோதனைக்கு ஒருமுறையேனும் போகாத மனிதர், மாத்திரை எடுக்க மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை.

வளைக்குள் கையை விட்டு நண்டை இழுப்பவருக்குக் கடிதான் கிடைக்கும். பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் அது தானாகவே எட்டிப் பார்க்கும். ஸஃப்னா தன் கதிரையை அவரருகே நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாத்திரையை ஒரு நாளும் விடல்ல நீங்க. பிடிவாதக்காரர் அப்படிச் செய்யமாட்டார். உங்களுக்குப் பயம், என்ன?"

மர்ஸூக் கட்டியிருந்த கைகளை மெல்ல அவிழ்த்தார்.

"பயப்படுறதுல வெக்கமில்ல. எங்கட வாப்பாவும் ஊசியைக் கண்டா வேலி பாய்வார். நானே உங்களோட கொழும்புக்கு வாறன். முடியுற வரைக்கும் பக்கத்துலயே நிப்பன். போவமா?"

மர்ஸூக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நெடுநேரம் துடைத்தார்.

"சரி, மகள். போவம். நீங்க பாஸ்."

மாணவர்கள் கைதட்டினார்கள். "சேர், நீங்க படத்துல நடிக்கப் போயிருக்க வேணும்!" என்று கூவினான் விதுஷன்.

மர்ஸூக் தொலைபேசியை எடுத்து இருதயப் பிரிவுத் தாதியை அழைத்தார்.

"றிஷ்னா, கொழும்புல அந்தத் திகதியை இந்த முறை உறுதியா எடுங்க. ஓம், எனக்குத்தான்... சீச்சீ, தனியாப் போகல்ல. என்ட டொக்டர் கூட வாறா."