மிச்சப் படங்கள்

கிளறன்ஸ் பதினோராவது தடவையாக சப்போர்ட் நம்பரை அழுத்தினான்.

கொன்ஸ்ரன்ஸ் அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, படம் எடுக்க வருகிறவர்கள் இருக்கும் உயரக் கதிரையில் இருந்தாள். கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறைதான் ஸ்ரூடியோ. வேறு கதிரை போட இடமில்லை.

அவளுடைய மகன் பேர்னாட்டை ஐந்து கிழமைக்கு முன், மட்டக்குளி பஸ் நிறுத்தத்தில் வைத்து யாரோ வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முறைப்பாடு கொடுக்கப் பொரளையில் இருக்கும் மனித உரிமை அலுவலகத்துக்குப் போனாள். படம் கேட்டார்கள். அவளிடம் இருந்தது தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய அன்று எடுத்த படம் ஒன்றுதான். கையில் மெழுகுதிரியோடு எட்டு வயதுப் பிள்ளை. இதை வைத்து இருபத்துமூன்று வயதுக்காரனை எப்படித் தேடுவது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வளர்ந்த பேர்னாட்டின் படம் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. லைசென்சுக்கென்று கிளறன்ஸ் எடுத்தது. நம்பர் நாலாயிரத்து நூற்றேழு.

அது மேசையில் இருந்த கறுப்புப் பெட்டிக்குள் கிடந்தது.

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த பெட்டி. வீட்டு இன்டர்நெட் வயரில் கொழுவிவிட்டால் எல்லாப் படமும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கும் என்றான். ஆறு வருடத்துப் படங்கள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் முகங்கள்.

ஒருநாள் அது தானாக அப்டேட் கேட்டது. கொடுத்தான். அன்றோடு படங்களைத் திறக்கிற சொஃப்ட்வெயர் திறக்கவில்லை. பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் வழக்கம்போல மினுங்கியது.

பெட்டிக் கொம்பனியின் சப்போர்ட்டில் ஒருத்தி, ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொன்னாள். இன்னொருவன், புது வேர்ஷனில் அந்த சொஃப்ட்வெயர் வேலை செய்யாது, அடுத்தது வரும்வரை பொறுங்கள் என்றான். வேறொருவன் முறைப்பாட்டு நம்பரைக் கேட்டுவிட்டு, அப்படியொரு நம்பரே இல்லை என்று புதிதாக ஒன்று கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது.

"எனக்கும் பொரளையில அப்பிடித்தான், தம்பி" என்பாள் கொன்ஸ்ரன்ஸ்.

இன்று கிடைத்தவன் பொறுமைசாலி. இன்டர்நெட் வழியாகத் தானே உள்ளே வந்து பார்ப்பதாக ஆங்கிலத்தில் சொன்னான். கிளறன்ஸ் போனை ஸ்பீக்கரில் போட்டான். கொன்ஸ்ரன்ஸுக்கு ஆங்கிலம் விளங்காது. திரையில் அம்புக்குறி தானாக நகர்வதைக் கண்டதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்டேட்டில் பிழையில்லை" என்றான் அவன். "ஒக்டோபர் பதினேழாம் திகதி எல்லாப் படங்களையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குக் கொப்பி பண்ணியிருக்கிறீர்கள். பாதியில் டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டீர்கள். பெட்டி இன்னும் அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. அந்த டிஸ்க் எங்கே?"

கிளறன்ஸ் கொன்ஸ்ரன்ஸைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னிடம் இல்லை."

அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் இரண்டு பேர் வந்தார்கள். பெயர் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. இங்கே படம் எடுத்த தமிழரின் முகங்கள் எல்லாம் வேண்டும் என்றார்கள். அவர்கள் நீட்டிய டிஸ்க்கை அவன்தான் தன் கையால் கொழுவினான். ஒரு மணித்தியாலத்தில் அவர்களுக்கு ஏதோ அழைப்பு வந்தது. மிச்சத்தைப் பிறகு எடுப்பதாகச் சொல்லிவிட்டு டிஸ்க்கை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு தரம் வந்தார்கள். திறக்காத திரையைக் காட்டினான். திருத்தியதும் அறிவிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பேர்னாட்டை ஏற்றியது திங்கட்கிழமை. இருபதாம் திகதி.

"எத்தனையாவது படத்தோடு நின்றது?" என்று கேட்டான் கிளறன்ஸ்.

ஐந்து கிழமையாக அவன் யாரிடமும் கேட்காத கேள்வி.

"நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு" என்றது ஸ்பீக்கர். பேர்னாட்டின் படத்தைத் தாண்டி ஐந்து.

கொன்ஸ்ரன்ஸ் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். "என்னவாம் தம்பி? சரிவராதாமோ?"

"சரிவரும் அக்கா."

பாதியில் நின்றுபோன கொப்பியைப் போனில் இருந்தவன் அங்கிருந்தே ரத்துச் செய்தான். திரை நிறைய முகங்கள் வந்தன. கிளறன்ஸ் ஒன்றைத் திறந்தான்.

கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, சிரிக்காமல், பேர்னாட்.

கொன்ஸ்ரன்ஸ் கதிரையை விட்டு இறங்கி வந்தாள். திரையில் அவனுடைய கழுத்துப் பொத்தானை விரலால் தொட்டாள்.

"இந்த ஷேர்ட் அவன்ர இல்ல" என்றாள் பிறகு. "பக்கத்து வீட்டில வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவன்."

ஆறு கொப்பி அடித்துக் கொடுத்தான். அவள் அவனுடைய வலக்கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். கையை இழுக்க அவனால் முடியவில்லை.

"உன்னை ஆண்டவர் கைவிடமாட்டார், தம்பி."

அவள் பொரளை பஸ்ஸுக்கு ஓடினாள்.

போனில் அவன் இன்னும் இருந்தான். குரலில் சந்தோசம். இனி எல்லாப் படமும் திறக்கும், வேறு ஏதும் பார்க்கவேண்டுமா என்று கேட்டான்.

"எல்லாவற்றையும் அழிக்கவேண்டும்" என்றான் கிளறன்ஸ். "எப்படி என்று சொல்லுங்கள்."

மறுபக்கத்தில் இருந்தவனுக்கு விளங்கவில்லை. இதை மீட்கத்தானே பதினொரு தரம் அழைத்தீர்கள் என்றான். அழித்தால் ஒருக்காலும் திரும்பி வராது என்றான். வேறெங்காவது கொப்பி இருக்கிறதா என்று கேட்டான்.

"பாதி இருக்கிறது."

அவன் சொன்ன இடத்தில் கிளறன்ஸ் அழுத்தினான். நிச்சயமா என்று பெட்டி இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரமும் அழுத்தினான். கொன்ஸ்ரன்ஸைப் போல நாளைக்கு யார் வந்து நின்றாலும் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. அது அவனுக்குத் தெரியும்.

போனை வைத்தபோது வாசலில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். தலையை அழகாக வாரி, சின்னதாக ஒரு பொட்டு வைத்திருந்தாள். அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமாம்.

"கமெரா பழுது, பிள்ளை. வேற இடத்தில எடும்."

அவள் நம்பவில்லை. அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு, காரணம் விளங்கிவிட்டதுபோல, கைக்குட்டையை எடுத்து நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்துவிட்டு, "இப்ப எடுக்கலாமோ அண்ணை?" என்றாள்.