முதல் நாள் பதிவு

"அம்மா, அந்த அங்கிளோட பழைய குரலை எங்க வெச்சிருக்கே?" என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். நான் சிரித்துவிட்டேன்.

குரல் பயிற்சி என் தொழில். கீச்சுக் குரலில் திக்கித் திக்கிப் பேசிய ஒருவரை ஓராண்டில் கணீரென்று முழங்கவைத்தேன். "இந்தக் குரல் பொய் சொல்லாது" என்று நம்பி சனங்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர் அமைச்சரானார்.

நேற்று மத்தியானம் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்; ஓடினேன். கண் தெரியாத அவருடைய தாய் அன்று சாயங்காலம் வரை தாங்குவதே சந்தேகம் என்றார்கள் மருத்துவர்கள். மகன் தொட்ட கையை அந்த அம்மாள் உதறினார்.

"ரேடியோக்காரனைக் கூட்டிவந்து ஏமாத்தாதீங்கடா! என் பிள்ளை திக்குவான். அவன் வராம நான் போகமாட்டேன்."

"பழையபடி பேசிப் பார்த்தேன் டீச்சர், வரலை" என்றார் அமைச்சர், அதே கணீர்க் குரலில்.

அந்தத் தாயிடமிருந்து பிள்ளையின் குரலை எடுத்தவள் நான்தானே. எல்லோரையும் வெளியே அனுப்பினேன். முதல் நாள் பயிற்சியின் பதிவு என் கைபேசியில் இருந்தது. "வா... வா... வாக்காளப் பெருமக்களே" என்று நான்கு நிமிடம். அதை ஓடவிட்டுத் தலையணையருகே வைத்தேன். ஆண்டவனை வேண்டிக்கொண்டு, நானும் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"வந்துட்டியா ராசா?"

"வ... வந்துட்டேம்மா."

முக்கால் மணி நேரம் உள்ளே தாயும் பிள்ளையும் பேசிக்கொண்டிருந்தார்கள். அமைச்சர் என் பக்கத்தில் வாய் மூடி நின்றிருந்தார்.