அக்பர் பாஷாவின் மூக்கு

"நாப்பது பேருக்குன்னா பாதி விலை போட்டுத் தரேன், பாய். அத்தனையும் கம்பெனி சரக்கு. கண்ணை மூடிக்கினு வாங்கலாம்!"

மயிலாப்பூரில் அக்பர் பாஷாவின் அத்தர் கடையில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தான் பிரபு. ஆன்லைனில் மருந்து விற்பவன். எது கேட்டாலும் வாட்ஸ்அப்பில் பதில் வரும். பில் கேட்டால் மட்டும் வராது. பெரிய ஆர்டர் என்றதும் நேரிலேயே பைக்கில் பறந்து வந்துவிட்டான். சட்டைப்பையில் பெட்ரோல் பங்க் சீட்டு, கையில் மாத்திரைப் பெட்டி.

அக்பர் பாஷா பெரிய ஆர்டர் என்று அவனை வரவழைத்ததே வேறு காரியத்துக்கு. அவர் மனைவி அஃப்சருன்னிசா மூன்று மாதமாக இவனிடம் வாங்கிய சர்க்கரை மாத்திரையைத்தான் வேளை தவறாமல் விழுங்கினாள். கடைசியில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, நேற்றுதான் வீடு திரும்பினாள். மாத்திரை போலி என்று சந்தேகம். இன்னும் யார் யார் அதை விழுங்குகிறார்களோ, அது இவன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள் அஃப்சருன்னிசா.

"ஏங்க, அடுப்புல பாலை வெச்சிட்டு இங்க வந்து உக்காந்துட்டீங்களே! கருகி வீடே நாறுது."

"பேச்சு மும்முரத்துல கவனிக்கலம்மா, நீ போ" என்றவர், அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா பாய், மோந்து பாக்கறீங்க?"

"நாலு தலைமுறையா அத்தர் விக்கிறோம், நைனா. இப்ப நீ பெட்ரோல் போட்டுட்டு நேரா இங்கதான் வரே. சரியா?"

பிரபு வாயைப் பிளந்தான்.

அக்பர் பாஷா மாத்திரையை இன்னொரு முறை முகர்ந்து முகம் சுளித்தார். "அசல் மாத்திரைக்கு ஒரு வாடை கீது. இது வெறும் மாவு. எங்க செஞ்சதுன்னு நீயே சொல்றியா, இல்ல அதையும் நான் மோந்து சொல்லட்டா?"

பிரபு அவசரமாகப் பெட்டியை மூடினான்.

"நான் செய்யலை பாய்! அசோக் நகர்ல ஒரு குடோன் கீது. அங்க வாங்கி விக்கிறதோட சரி."

"எத்தனை பேருக்கு வித்தே?"

"அறுபத்து மூணு பேர். எல்லாம் வயசானவங்க. அவங்கதான் கேள்வி கேக்க மாட்டாங்க..."

திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள் மகள் ரூஹி. அவன் சொன்ன அத்தனையும் அவள் செல்போனில் பதிவாகியிருந்தது.

"போலீஸ் வந்துக்கினு கீது" என்றார் அக்பர் பாஷா. "அதுவரைக்கும் சும்மா குந்தாதே. ஒவ்வொருத்தருக்கா போன் போடு."

முதல் போன் பெசன்ட் நகர் மரியதாஸுக்கு. "சார்... அந்த மாத்திரையைத் தொடாதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க." அறுபத்து மூன்று பேருக்கும் சொல்லி முடித்தபோது பிரபுவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் அசோக் நகர் குடோனுக்கு சீல் வைத்துவிட்டார்கள்.

தெருவே திரண்டு வந்து அக்பர் பாஷாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனது. எல்லோரும் போன பிறகு அஃப்சருன்னிசா கேட்டாள்.

"அவன் பெட்ரோல் போட்டது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"பங்க் சீட்டு அவன் பையிலயே நீட்டிக்கினு இருந்துச்சே!"

"அதானே பார்த்தேன்!" அவள் சிரித்தாள். "கொரோனா வந்ததுலேர்ந்து அத்தருக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாத மூக்காச்சே இது!"