மின்னல் வேக ஓட்டை

சமையலறைச் சுவரில் ஓர் ஓட்டை. அதற்கு அதிபதி ஒரு பல்லி. "மின்னல் வேகத்தில் போய் வரலாம்" என்று தோட்டத்துப் புற்றுகளுக்கெல்லாம் அது வாக்குக் கொடுத்திருந்தது, இருந்த அந்த ஒரே ஓட்டையைக் காட்டி.

சித்தெறும்பு வெல்லத்துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. புற்றில் பிள்ளைகள் பசியோடு காத்திருந்தன. பாதி வழியில் பல்லியின் வால் குறுக்கே விழுந்தது. கொஞ்சம் நகரும், மறுபடி விழும். வெளியே வருவதற்குள் வெல்லம் பாதி கரைந்துவிட்டது.

"பல்லியண்ணே, இதுதான் மின்னல் வேகமா?"

"பாதையில ஒரு குறையும் இல்ல தம்பி. உன் கால்லதான் ஏதோ கோளாறு. வீட்டுக்குப் போயிட்டு மறுபடி வந்து பாரு."

சித்தெறும்பு போய்விட்டு வந்தது. ஆறு காலும் நன்றாகத்தான் இருந்தன. வால்தான் விழுந்தது.

ஓட்டைகளின் வேகத்தைச் சோதிக்கும் அதிகாரி ஒரு கட்டெறும்பு. அதனிடம் புகார் போனது. தலையில் பதவிக்கு அடையாளமான செம்பருத்தி இதழைச் செருகிக்கொண்டு வெறுங்கையோடு வந்தார் அதிகாரி. இதழைக் கண்டதும் பல்லி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கியது.

"அருமையான வேகம்" என்றார், ஒரே ஓட்டத்தில் ஓடி முடித்துவிட்டு.

சித்தெறும்பு கொஞ்சம் யோசித்தது. "ஐயா, அந்த இதழை இப்படிக் குடுங்க. என் வெல்லத்தை நீங்க தூக்கிட்டு வாங்க."

இதழோடு சித்தெறும்பு பறந்தது. பின்னால் வந்த அதிகாரியின் முன்னே வால் பொத்தென்று விழுந்தது.

"என்னய்யா இது?"

பல்லி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் கால்லதான் கோளாறு தம்பி. வீட்டுக்குப் போயிட்டு மறுபடி வந்து பாரு."