இடது கை

மருத்துவமனை அறை வாசலில் நின்றபடி நார்பெர்ட் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதனைச் சாலையில் உருட்டிவிட்டது அந்தக் கைதான். அதே கையில் இப்போது மனைவி சுட்டுக் கொடுத்த செர்ரி கேக் இருந்தது.

“உள்ள வாங்க நார்பெர்ட். அங்க நின்னு என்ன காவல் காக்குறீங்களா?” என்று அழைத்தாள் மார்லிஸ். கட்டிலில் படுத்திருந்த கணவன் லைல் பக்கம் திரும்பினாள். “நாலு நாளா விடியறதுக்கு முன்னாடி வந்து நம்ம மாடு அத்தனையும் கறந்து கொடுக்கிறார். உங்க கூடப் பொறந்தவன் எட்டிக்கூடப் பார்க்கலை. இவரைக் கடவுள்தான் அனுப்பியிருக்கார்.”

நார்பெர்ட்டுக்கு முகம் சுட்டது.

லைலின் வலது கால் கட்டோடு உயரத்தில் தொங்கியது. தோள்பட்டை எலும்பும் முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை மயக்கமும் வலி மருந்தின் கிறக்கமும் போய் முந்தின நாள்தான் முழுதாகப் பேச ஆரம்பித்திருந்தான்.

“முப்பத்தெட்டு மாடும் நீங்களேவா? அந்தக் கறுப்பி உதைச்சிருப்பாளே?”

“ரெண்டு தடவை.”

“அப்ப நீங்க எங்க வீட்டு ஆள்தான்,” என்று சிரிக்கப் போய், தோள் வலியில் முகம் சுளித்தான்.

மார்லிஸ் காபி வாங்கிவர வெளியே போனாள். சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும். நார்பெர்ட் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

போன ஞாயிறு, மே மாதத்து முதல் ஞாயிறு. பனிக்காலம் முடிந்து மோட்டார் சைக்கிள்களை வெளியே எடுப்பவர்கள் எல்லோரும் கோயில் மைதானத்தில் கூடி, ஃபாதர் கையால் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்துக்கொள்ளும் நாள். வழக்கம்போல் நார்பெர்ட்தான் மைக் பிடித்தார். “எதிர்ல வர்ற கார்க்காரன் உங்களைப் பார்க்கலைன்னே நினைச்சு ஓட்டுங்க. அவன் சிக்னல் போட்டாலும் நம்பாதீங்க. ஒரு நொடி கவனம் பிசகினா, மன்னிப்புக் கேட்கக்கூட ஆள் இருக்க மாட்டான்!”

அறுபது பேர் கைதட்டினார்கள். “நீங்க பேசினதுக்கு அப்புறம் என் தீர்த்தமே தேவையில்லை போலிருக்கே,” என்று ஃபாதர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தப் பெருமை இறங்குவதற்குள் நார்பெர்ட் தன் பழைய வண்டியைக் கிளப்பிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் புறப்பட்டுவிட்டார்.

பால் பண்ணைகளுக்கு நடுவே போகும் சாலை. முன்னால், இடப்பக்கம் திரும்பும் பெரிய வளைவு. அதைத் தாண்டி எதிரே ஒரு வண்டி வந்தது. எதிரில் வரும் வண்டிக்காரருக்கு, முன்பின் தெரியாதவராக இருந்தாலும், இடது கையைத் தாழ்த்தி இரண்டு விரல் காட்டாமல் அங்கே யாரும் போவதில்லை. நார்பெர்ட்டும் காட்டினார்.

எதிரே வந்தவன் கையைத் தாழ்த்தினான். ஒரு தடவை அல்ல, இரண்டு மூன்று தடவை ஆட்டினான். என்ன ஒரு அன்பு என்று உருகிப்போய், நார்பெர்ட் இன்னும் பெரிதாக ஆட்டினார். அந்த நொடியில் அவனுடைய முன்சக்கரம் ஜல்லிக்கல்லில் ஏறிச் சறுக்கியது.

நார்பெர்ட் ஓரங்கட்டி, வண்டியைப் போட்டது போட்டபடி ஓடினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலைமாட்டில் மண்டியிட்டு ஜபம் சொன்னார். எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் விட்டுவிட்டு வந்த வண்டி கீழே விழாமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றிருந்தது. ஃபாதர் தெளித்த தீர்த்தம் என்று நினைத்துக்கொண்டார்.

“லைல்,” என்றார் இப்போது. “போலீஸ்கிட்ட ஜல்லியில சறுக்கிட்டார்னு சொன்னேன். அது பாதி உண்மைதான். நான் கை காட்டினேன். நீங்க பதிலுக்குக் காட்டினீங்க. அதோட விட்டிருக்கலாம். நான் திரும்பவும் ஆட்டி, உங்க கையை வண்டியிலேர்ந்து எடுக்க வச்சு...” கையிலிருந்த கேக்கை மேசைமேல் வைத்தார். “நாலு நாளா மாடு கறக்கிறது புண்ணியத்துக்கு இல்லைப்பா. நீங்க விழுந்ததுக்கு நான்தான் காரணம்.”

லைல் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

“ஆமா. நீங்கதான் காரணம்.”

நார்பெர்ட் தலையைக் குனிந்துகொண்டார். இதைக் கேட்கத்தானே வந்தார்?

“ஒண்ணு கேட்கணும்,” என்றான் லைல். “அந்த வளைவுல நீங்க திரும்பலையே?”

“இல்லையே. நீங்க விழுந்ததும் அங்கயே நிறுத்திட்டேன்.”

“அப்பாடா!” லைல் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டான். “கண்ணு முழிச்சதுலேர்ந்து அதே நினைப்பு. மார்லிஸைக் கேட்டா அவளுக்கு ஒண்ணும் தெரியலை. திரும்பியிருந்தா வண்டி உங்களை அப்படியே தூக்கி அடிச்சிருக்கும்.”

“எதுக்கு?”

லைல் நல்ல கையை நீட்டி, அவருடைய இடது கையை மெல்லப் பிடித்துக்கொண்டான்.

“நான் உங்களுக்குக் கை ஆட்டலைங்க. சைடு ஸ்டாண்டை மடக்காம வர்றீங்கன்னு காட்டினேன்.”